ஹான்ஃபோர்டு: புளூட்டோனிய ஆலையின் கழிவும் முடியாத துப்புரவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகசாகியில் 1945 ஆகஸ்ட் 9 அன்று போடப்பட்ட குண்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அந்தக் குண்டின் உள்ளே இருந்த புளூட்டோனியம் எங்கே தயாரானது, தயாரித்த இடத்தில் மிஞ்சிய கழிவு என்ன ஆனது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்பவர்கள் வழக்கமாக எழுப்பும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஹான்ஃபோர்டு எங்கே இருக்கிறது? அது ஊரா, ஆலையா?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. தலைநகர் வாஷிங்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது நாட்டின் மறுகோடி. கொலம்பியா ஆறு வளைந்து ஓடும் வறண்ட சமவெளியில் ஹான்ஃபோர்டு, வொயிட் பிளஃப்ஸ் என்று இரண்டு சிற்றூர்கள் இருந்தன. 1943இன் தொடக்கத்தில் அரசு அவற்றைக் கையகப்படுத்தி, சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வளைத்துப்போட்டது. சென்னை மாநகராட்சியின் பரப்பைப்போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஆற்று நீர் ஏராளம், புதிய அணைகளிலிருந்து மின்சாரம், சுற்றிலும் ஆள் நடமாட்டம் குறைவு. இந்த மூன்றுக்காகத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய ஊர் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் ஆலைக்கு ஒட்டிக்கொண்டது.

அணுகுண்டையே இங்கே செய்தார்களா?

இல்லை. குண்டை வடிவமைத்துக் கோத்த இடம் நியூ மெக்சிகோவில் உள்ள லாஸ் அலமோஸ். ஹான்ஃபோர்டின் வேலை புளூட்டோனியத்தை உண்டாக்கித் தருவது. யுரேனியக் கட்டைகளை அலுமினிய உறையில் போட்டு அணு உலைக்குள் தள்ளுவார்கள். அங்கே யுரேனியத்தின் ஒரு சிறு பங்கு புளூட்டோனியமாக மாறும். வெளியே எடுத்த கட்டைகளைச் சில வாரங்கள் தண்ணீருக்குள் ஆறவைத்து, பிறகு நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுப்பார்கள். ஒரு டன் யுரேனியத்தைக் கரைத்தால் கிடைப்பது சில நூறு கிராம்தான். எஞ்சியதெல்லாம் கழிவு. பிரச்சினையின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதல் உலையான ‘பி ரியாக்டர்’ 1944 செப்டம்பர் 26 அன்று இயங்கத் தொடங்கியது. உலகின் முதல் முழு அளவிலான புளூட்டோனிய உற்பத்தி உலை அதுதான். அடுத்த பத்து மாதங்களுக்குள் அந்தப் புளூட்டோனியம் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதனையாக வெடித்தது. சில வாரங்களில் நாகசாகியில் வெடித்தது.

மின் உற்பத்தி அணு உலைகளிலும் கழிவு வருகிறதே? இது எப்படி வேறு?

மின் நிலையத்தில் எரிபொருள் தண்டுகள் பெரும்பாலும் திடப்பொருளாகவே இருந்துவிடுகின்றன. எடுத்து நீர்த்தொட்டியிலோ காங்கிரீட் பெட்டகத்திலோ வைக்கலாம். ஆயுத உற்பத்தியில் அந்தத் தண்டை அமிலத்தில் கரைத்தே ஆக வேண்டும். கரைத்த மாத்திரத்தில் சீசியம், ஸ்ட்ரான்ஷியம், டெக்னீஷியம் என எல்லாம் திரவமாகிவிடும். திரவம் கசியும், ஆவியாகும், மண்ணில் இறங்கும். மின்சாரத்துக்காக உலைகளை இயக்கும் நாடுகளிலும் எரிபொருளை மறுபதனம் செய்தால், அதாவது பயன்பட்ட எரிபொருளைக் கரைத்துத் தேவையானதைப் பிரித்தெடுத்தால், இதே திரவக் கழிவு வரும். அளவும் கவனமும்தான் வேறுபடும்.

போர் அவசரத்தில் நடந்தது. அதற்கு இவ்வளவு குற்றம் சொல்லலாமா?

இந்தச் சமாதானம் அடிக்கடி காதில் விழுகிறது. நான் அதைப் பாதிதான் ஏற்பேன். போர்க்காலத்தில் துருப்பிடிக்காத எஃகு கிடைப்பது அரிது. அமிலக் கழிவை அப்படியே வைக்கத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி வேண்டும். அதற்குப் பதிலாக, சாதாரண எஃகு உள்பூச்சு கொடுத்த காங்கிரீட் தொட்டிகளைப் புதைத்து, கழிவில் காஸ்டிக் சோடாவைக் கொட்டி அமிலத்தை முறித்தார்கள். அதனால் கழிவின் அளவு பெருகியது. கனமான பொருள்கள் அடியில் சேறாகப் படிந்தன. இன்று அந்தச் சேற்றை வெளியே எடுக்க முடியாமல் தவிப்பதற்கு அன்றைய அந்த முடிவுதான் காரணம். ஹிட்லர் முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில் எடுத்த முடிவு என்பதால் அதை மன்னித்துவிடலாம்.

ஆனால் போர் 1945இல் முடிந்தது. ஹான்ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியது 1980களின் இறுதியில். ஒன்பது உலைகளில் போர்க்காலத்தில் இயங்கியவை மூன்றுதான். மொத்தம் உற்பத்தியான சுமார் 67 டன் புளூட்டோனியத்தில் நாகசாகிக் குண்டில் இருந்தது ஆறு கிலோ சொச்சம். அதாவது கழிவில் மிகப் பெரும்பகுதி பனிப்போர்க் காலத்தில், எஃகுக்குப் பஞ்சமில்லாத பணக்கார நாட்டில், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நினைப்பில் சேர்ந்தது. ஒற்றைச் சுவர்த் தொட்டிகளை 1964 வரை கட்டிக்கொண்டிருந்தார்கள். இரட்டைச் சுவர்த் தொட்டி கட்டத் தொடங்கியதே 1968இல். முதல் கசிவுகள் தெரியவந்து பல ஆண்டுகள் ஆன பிறகு!

அந்தத் தொட்டிகளில் என்னதான் இருக்கிறது?

மண்ணுக்கடியில் 177 தொட்டிகள். அவற்றில் 149 ஒற்றைச் சுவர், 28 இரட்டைச் சுவர். பெரிய தொட்டி ஒவ்வொன்றும் 23 மீட்டர் விட்டம். சுமார் 40 லட்சம் லிட்டர் கொள்ளும். மொத்தமாக 21 கோடி லிட்டர் கழிவு.

அது ஒரே மாதிரியான திரவம் அல்ல. மேலே காரத்தன்மையுள்ள உப்பு நீர். அதற்குக் கீழே ஈர மணலைப் போன்ற உப்புக் கட்டி. அடியில் கெட்டியான சேறு. சில தொட்டிகளில் பாறைபோல இறுகிவிட்டது. மூன்று வெவ்வேறு பிரித்தெடுப்பு முறைகளின் கழிவு, அவற்றிலிருந்து யுரேனியத்தை மீட்க நடந்த முயற்சியின் கழிவு, ஆய்வகக் கழிவு என எல்லாவற்றையும் இடத்துக்கு இடம் பம்ப் செய்து கலந்துவிட்டார்கள். எந்தத் தொட்டியில் எது எவ்வளவு என்பதற்கான பதிவேடுகளும் முழுமையாக இல்லை. அதனால் ஒவ்வொரு தொட்டியையும் தனித்தனியாக மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கு ஒத்துவரும் முறை அடுத்ததற்கு ஒத்துவராது.

இவை தவிர, தொட்டிகளின் வெப்பத்தைக் குறைப்பதற்காகச் சீசியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் பிரித்தெடுத்து 1,936 உலோகக் குப்பிகளில் அடைத்து, தனியாக ஒரு நீர்த்தொட்டியில் வைத்திருக்கிறார்கள். வளாகத்தின் மொத்தக் கதிரியக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் குப்பிகளில்தான் என்று கணக்கிடுகிறார்கள்.

தொட்டிகள் ஒழுகுகின்றனவா?

ஒழுகியிருக்கின்றன, இன்னும் ஒழுகுகின்றன. 67 தொட்டிகள் கசிந்தவை அல்லது கசிந்ததாகச் சந்தேகிக்கப்படுபவை. மண்ணில் இறங்கியது சுமார் 38 லட்சம் லிட்டர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இத்தொட்டிகளுக்கு வடிவமைப்பாளர்கள் நினைத்திருந்த ஆயுள் இருபது ஆண்டுகளை ஒட்டியது. மூத்த தொட்டிகளுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

பம்ப் செய்யக்கூடிய திரவத்தை ஒற்றைச் சுவர்த் தொட்டிகளிலிருந்து இரட்டைச் சுவர்த் தொட்டிகளுக்கு மாற்றும் வேலை 2004இல் முடிந்தது. ‘இனிப் பெரிய கசிவு இருக்காது’ என்று மூச்சு விட்டார்கள். 2013இல் டி-111 என்ற தொட்டி கசிவது தெரிந்தது. 2021 ஏப்ரலில் பி-109 என்ற தொட்டியும் கசிவதாக அறிவித்தார்கள். நடுவில் 2012இல், பத்திரமானது என்று நம்பியிருந்த இரட்டைச் சுவர்த் தொட்டி ஒன்றிலேயே உள்சுவர் ஓட்டையானது. நல்லவேளையாகக் கழிவு இரண்டு சுவர்களுக்கும் இடையில்தான் தேங்கியது. பிறகு அந்தத் தொட்டியைக் காலி செய்தார்கள்.

தொட்டி வெடிக்கும் என்றெல்லாம் சொல்கிறார்களே, உண்மையா?

வெடித்ததில்லை. ஆனால் வெறும் வதந்தியும் இல்லை. எஸ்ஒய்-101 என்ற தொட்டியின் கதையைச் சொன்னால் புரியும்.

கதிர்வீச்சு நீரையும் கரிம வேதிப்பொருள்களையும் சிதைக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அந்தத் தொட்டியில் அது அடிச்சேற்றுக்குள் சிக்கிக்கொண்டது. உள்ளே வாயு சேரச் சேரக் கழிவின் மேல்மட்டம் மெல்ல உயரும். சில மாதங்களுக்கு ஒருமுறை சேறு மொத்தமாகப் புரண்டு மேலே வரும். வாயு ஒரே மூச்சில் வெளியேறும். மட்டம் சட்டெனத் தாழும். அங்கே வேலை செய்தவர்கள் இதைத் தொட்டி ‘ஏப்பம் விடுகிறது’ என்றார்கள். வெளிவந்த வாயுவில் ஹைட்ரஜனோடு நைட்ரஸ் ஆக்சைடும் இருந்தது. எரிவதற்கு வேண்டிய இரண்டும் ஒரே கூரைக்கடியில். ஒரு தீப்பொறிதான் பாக்கி. அதனால் தொட்டிக்கருகே எந்த வேலை செய்யவும் ஏப்பம் விட்டு முடிந்த நாட்களைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1993 ஜூலையில் தொட்டிக்குள் ஒரு கலக்கு பம்பை இறக்கி, வாயு சேராமல் அவ்வப்போது கிளறிவிடத் தொடங்கிய பிறகுதான் அடங்கியது.

சோவியத் யூனியனில் இப்படி ஒரு தொட்டி வெடித்தே விட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

தொட்டிகளைச் சரிசெய்துவிட்டால் முடிந்துவிடுமா?

முடியாது. தொட்டிகளுக்குப் போனது கடும் கதிரியக்கக் கழிவு மட்டும். ‘லேசானது’ என்று கருதியதை நேராக மண்ணில் விட்டார்கள். பள்ளம் தோண்டி, குளம் வெட்டி, ஆழ்துளைக் கிணறுகள் வழியாகக்கூட. அப்படி விட்டது சுமார் 1.7 லட்சம் கோடி லிட்டர். வறண்ட மண், நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கிறது, மண்ணே வடிகட்டிவிடும் என்பது அன்றைய கணிப்பு.

சீசியமும் புளூட்டோனியமும் ஓரளவு மண்ணில் ஒட்டிக்கொண்டன. கணிப்பு அங்கே பலித்தது. ஆனால் டிரிட்டியம், டெக்னீஷியம்-99, நைட்ரேட் போன்றவை தண்ணீரோடு தண்ணீராக இறங்கிவிட்டன. புளூட்டோனியத்தைச் சுத்தப்படுத்தப் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடு இன்னொரு பெரிய தலைவலி. உலைகளின் குழாய்கள் துருப்பிடிக்காமலிருக்கக் குளிர்விக்கும் நீரில் சோடியம் டைகுரோமேட் கலந்தார்கள். அதிலிருந்து வந்த ஆறிணைதிறன் குரோமியம் ஆற்றங்கரை நிலத்தடி நீரில் பரவியது. கதிரியக்கமே இல்லாத இந்தக் குரோமியம்தான் சால்மன் மீன் குஞ்சுகளுக்கு நேரடி ஆபத்து. அணுக் கழிவு என்றாலே கதிர்வீச்சை மட்டும் நினைக்கிறோம். சாதாரண ரசாயன நஞ்சு அதற்குச் சளைத்ததல்ல.

கொலம்பியா ஆற்றில் கதிரியக்கம் கலந்ததா?

தெரிந்தே கலந்தார்கள். ஒன்பது உலைகளில் எட்டு ஆற்று நீரை ஒருமுறை உள்ளே இழுத்து, உலையின் நடுவே பாயவிட்டு, மறுபடியும் ஆற்றிலேயே விட்டவை. பி உலைக்கு மட்டும் நிமிடத்துக்கு சுமார் 2.8 லட்சம் லிட்டர். ஆற்றில் விடுவதற்குமுன் தேக்கத் தொட்டியில் சிலமணி நேரம் வைப்பார்கள். குறைந்த ஆயுள் கொண்ட தனிமங்கள் அதற்குள் அடங்கிவிடும். பாஸ்பரஸ்-32, துத்தநாகம்-65 போன்றவை அடங்கா.

துத்தநாகம் எவ்வளவு தூரம் போனது என்பது 1960களின் தொடக்கத்தில் தற்செயலாகத் தெரிந்தது. ஆலை ஊழியர் ஒருவர் வேலைக்கு வந்தபோது அவர் உடலில் கதிரியக்கம் இருப்பதாகக் கருவி காட்டியது. விசாரித்தால், ஆலையில் எதுவும் நடக்கவில்லை. பசிபிக் கடலோரத்து வில்லாப்பா விரிகுடாவில் பிடித்த சிப்பி இறைச்சியைச் சாப்பிட்டிருக்கிறார்! ஆலையில் கலந்தது ஆற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிக் கடலில் விழுந்து, சிப்பியில் சேர்ந்து, சாப்பாட்டு மேசை வழியாக ஆலைக்கே திரும்பி வந்திருந்தது.

அந்த எட்டு உலைகளும் 1971க்குள் மூடப்பட்டன. ஆறு வேகமாகவும் பெரிதாகவும் ஓடுவதால் இன்று நீரில் அளவு மிகக் குறைவு. குடிநீர்த் தரத்துக்குள்தான் இருக்கிறது. கரையோர நிலத்தடி நீர் அப்படியில்லை.

காற்றில் என்ன வெளியேறியது? ‘கிரீன் ரன்’ என்கிறார்களே?

எரிபொருளைக் கரைக்கும்போது அயோடின்-131 வாயுவாகக் கிளம்பும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி அழிய ஆகும் காலம், எட்டு நாள். கட்டைகளைப் போதிய காலம் ஆறவைத்தால் பெரும்பகுதி தானாக அழிந்துவிடும். 1944-47இல் அவசரத்தில் ஆறவைக்கும் காலத்தைக் குறைத்தார்கள். புகைபோக்கியில் வடிகட்டியும் இல்லை. மொத்த அயோடின் வெளியேற்றத்தில் பெரும்பங்கு அந்த மூன்று ஆண்டுகளில் நடந்தது.

1949 டிசம்பர் 2, 3 தேதிகளில் நடந்ததுதான் கிரீன் ரன். அது விபத்தல்ல, திட்டமிட்ட சோதனை. சோவியத் யூனியன் அந்த ஆகஸ்டில் தன் முதல் குண்டை வெடித்திருந்தது. அவர்கள் குறைவாக ஆறிய எரிபொருளைக் கரைக்கிறார்கள் என்று கருதி, அப்படிக் கரைத்தால் காற்றில் என்ன தடயம் கிடைக்கும் என்று பார்க்க அமெரிக்க விமானப்படை விரும்பியது. அதற்காகப் பதினாறு நாள் மட்டும் ஆறிய எரிபொருளைக் கரைத்து, வடிகட்டிகளைத் தவிர்த்து, ஏறக்குறைய 8,000 கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடினைக் காற்றில் விட்டார்கள். வானிலை எதிர்பார்த்தபடி அமையவில்லை; மேகம் தரையை ஒட்டியே பரவியது. சுற்றுவட்டார மக்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1986 பிப்ரவரியில், ஏறக்குறைய 19,000 பக்க ரகசிய ஆவணங்களை எரிசக்தித் துறை வெளியிட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஸ்போகேன் நகர நிருபர் கேரன் டோர்ன் ஸ்டீலும் உள்ளூர்க் குழுக்களும் விடாமல் கேட்டதால் வந்த வெளியீடு அது.

அந்தக் காற்றால் மக்களுக்கு நோய் வந்ததா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

அயோடின் மனிதரைச் சேர்ந்த முக்கிய வழி மூச்சு அல்ல, பால். புல்லில் படிந்ததைப் பசு மேய்ந்தது, பாலில் இறங்கியது, குழந்தைகள் குடித்தார்கள். குழந்தையின் தைராய்டு சுரப்பி சிறியது, அதனால் அதே அளவு அயோடின் அங்கே அதிகப் பாதிப்பைத் தரும். சொந்தப் பசு வைத்திருந்த பண்ணைக் குடும்பங்கள்தான் அதிகம் வாங்கிக்கொண்டன. கடைப் பால் வந்து சேருவதற்குள் சில நாள் கடந்துவிடும். தோட்டத்துப் பால் அன்றே குடிப்பது.

1940-46இல் அப்பகுதியில் பிறந்த 3,440 பேரைப் பரிசோதித்த அரசு ஆய்வு 2002இல் இறுதி அறிக்கை தந்தது. கதிர்வீச்சு அளவு கூடக்கூடத் தைராய்டு நோயும் கூடியதற்கான சான்று இல்லை என்றது. பாதிக்கப்பட்டவர்கள் இதைக் கொஞ்சமும் ஏற்கவில்லை. ஐம்பது ஆண்டுக்கு முன்பு எந்தக் குழந்தை எவ்வளவு பால் குடித்தது என்பதைத் தாய்மாரின் நினைவிலிருந்து கணக்கிட்டால் பிழை எவ்வளவு வரும் என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. ஆய்வு எதையும் மறைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ‘சான்று கிடைக்கவில்லை’ என்பதை ‘பாதிப்பு இல்லை’ என்று படிப்பதும் தவறு.

நெவாடாவில் நடந்த குண்டுச் சோதனைகளின் கதிரியக்கத்தைக் காற்று கொண்டுசென்ற பகுதி மக்களுக்கு 1990இல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. ஹான்ஃபோர்டு மக்களை அதில் சேர்க்கவில்லை. அவர்கள் ஒப்பந்த நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். நிறுவனங்களின் வக்கீல் செலவை அரசே ஏற்றது. கடைசி வழக்குகள் சமரசமாகி முடிந்தது 2015இல். இருபத்தைந்து ஆண்டுகள், பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

இந்த நிலம் முன்பு யாருடையது?

வானபம், யாகமா, உமட்டிலா, நெஸ் பெர்ஸ் ஆகிய பழங்குடியினரின் மீன்பிடித் துறைகளும் குளிர்கால இருப்பிடங்களும் இங்கே இருந்தன. 1855இல் யாகமா உள்ளிட்டோர் நிலத்தைக் கொடுத்து ஒப்பந்தம் செய்தபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் கிழங்கும் பழமும் சேகரிக்கவும் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒப்பந்தம் இன்றும் செல்லும். ‘எவ்வளவு சுத்தம் செய்தால் போதும்’ என்ற விவாதத்தில் அது நேரடியாகக் குறுக்கிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை நடந்துபோகும் சுற்றுலாப் பயணிக்கு ஏற்ற தரம் வேறு. அந்த ஆற்று மீனைத் தினமும் உண்டு, அந்த மண்ணின் கிழங்கைத் தின்று வாழ்பவருக்கு வேண்டிய தரம் வேறு. யாகமா மூத்த தலைவர் ரஸ்ஸல் ஜிம் 2018இல் மறையும்வரை பல பத்தாண்டுகள் இந்த இரண்டாவது தரத்துக்காகப் போராடினார்.

பண்ணையாளர்களுக்கும் இரக்கம் காட்டவில்லை. சிலவார அவகாசத்தில் பழத்தோட்டத்தையும் வீட்டையும் விட்டுக் கிளம்பச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. இறந்தவர்களின் கல்லறைகளைக்கூடத் தோண்டி வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

துப்புரவு எப்போது தொடங்கியது? யார் செலவு?

1989 மே 15 அன்று மத்திய எரிசக்தித் துறை, மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன் மாநில அரசு மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு. அன்று முப்பது ஆண்டில் முடித்துவிடுவதாகப் பேச்சு. முப்பது ஆண்டு கழித்து, 2019இல் வெளிவந்த மதிப்பீடு: இன்னும் ஆகப்போகும் செலவு குறைந்தபட்சம் 32,300 கோடி டாலர், அதிகபட்சம் 67,700 கோடி டாலர். ஆண்டுச் செலவு இப்போது 300 கோடி டாலரை ஒட்டி. எல்லாம் அமெரிக்க வரிப்பணம். வேலையைச் செய்பவை ஒப்பந்த நிறுவனங்கள்.

இதுவரை ஒன்றுமே நடக்கவில்லையா?

அப்படிச் சொல்வது அநியாயம். ஆற்றங்கரையில் நிறையவே நடந்திருக்கிறது. ஆற்றிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் கசியும் நீர்த்தொட்டிகளில் கிடந்த 2,100 டன் பழைய எரிபொருளை 2004க்குள் உலர் சேமிப்புக்கு மாற்றினார்கள். கரையோரம் தோண்டிய மண்ணையும் இடிபாட்டையும் வளாகத்தின் நடுவே, ஆற்றிலிருந்து விலகிய மேட்டில், அடியில் விரிப்பிட்ட பெரும் குழியில் கொட்டுகிறார்கள். 1996 முதல் 1.8 கோடி டன்னுக்கும் மேல். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்துத் திரும்ப உள்ளே விடும் நிலையங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 750 கோடி லிட்டரைக் கையாள்கின்றன. குரோமியப் பரவல் கணிசமாகச் சுருங்கியிருக்கிறது.

உலைகளைப் பொறுத்தவரை, இடிக்காமல் ‘கூடு கட்டி’ மூடுகிறார்கள். சுற்றியுள்ள கட்டடங்களை அகற்றி, உலையின் மையப்பகுதியை எஃகுக் கூரையால் போர்த்தி, எழுபத்தைந்து ஆண்டுகள்வரை விட்டுவைப்பது. அதற்குள் கதிரியக்கம் தணியும். ஏழு உலைகள் இப்படி மூடப்பட்டுவிட்டன. தள்ளிப்போடுவதைத் திட்டமாகவே வைத்திருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். இந்த ஓர் இடத்தில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இன்று இடிக்க இறங்கும் தொழிலாளிக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை வீணாக ஏன் வாங்க வேண்டும்?

கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலை ஏன் இத்தனை தாமதம்?

கழிவைக் கண்ணாடிப் பொடியோடு கலந்து சுமார் 1,150 டிகிரி செல்சியஸில் உருக்கி, எஃகுக் கலனில் வார்ப்பது முறை. ஆறியபின் கதிரியக்கம் கண்ணாடிக்குள் கட்டுண்டிருக்கும். தண்ணீர் பட்டாலும் எளிதில் கரையாது. புதிய கண்டுபிடிப்பல்ல. தென் கரோலினாவின் சவானா ரிவர் ஆலையில் 1996 முதலே இது நடக்கிறது.

ஹான்ஃபோர்டில் 1999இல் தொடங்குவதாக முதல் ஒப்பந்தம் சொன்னது. கட்டுமானம் தொடங்கியதே 2002இல். 430 கோடி டாலர் என்ற மதிப்பீடு 2006இல் 1,230 கோடியானது. வடிவமைப்பு முடிவதற்குமுன்பே கட்டத் தொடங்கியதுதான் பெரிய பிழை. கலக்கும் தொட்டிகளில் புளூட்டோனியம் அடியில் தங்கிவிடுமா, குழாய்களில் ஹைட்ரஜன் சேருமா என்ற கேள்விகளை மூத்த பொறியாளர் வால்டர் டமோசைட்டிஸ் 2010இல் எழுப்பினார், திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த இரண்டு ஆண்டில் அதே கேள்விகளுக்காகவே ஆலையின் முக்கியப் பகுதிகளில் வேலை நிறுத்தப்பட்டது. அவருடைய வழக்கு 2015இல் 41 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

பிறகு வழியை மாற்றினார்கள். கடுமையான பகுதியைப் பிறகு பார்ப்பது. திரவத்திலிருந்து சீசியத்தைத் தொட்டியருகிலேயே வடித்துவிட்டு, மிஞ்சும் குறைந்த கதிரியக்கக் கழிவை முதலில் கண்ணாடியாக்குவது. அந்த வடிப்பு 2022இல் தொடங்கியது. உண்மையான கழிவைக் கலந்து முதல் கண்ணாடி வார்ப்பு 2025 அக்டோபரில் நடந்தது. கடும் கழிவுக்கான பகுதி இன்னும் கட்டுமானத்தில்.

அது தயாரானாலும் கண்ணாடிக் கலன்களை எங்கே புதைப்பது? நெவாடாவின் யக்கா மலைக்குள் என்று 2002இல் சட்டமே இயற்றினார்கள். அந்த மாநிலம் விடாப்பிடியாக எதிர்த்தது. ஒபாமா அரசு கைவிட்டது. மாற்று இடம் முடிவாகவில்லை.

சிமெண்டில் கலந்துவிட்டால் செலவு குறையாதா?

குறையும். குறைந்த கதிரியக்கக் கழிவில் ஒரு பகுதியைச் சிமெண்ட் கலவையாக்கி டெக்சாஸ், யூட்டா மாநிலங்களின் வறண்ட இடங்களில் புதைக்கும் யோசனை வலுப்பெற்றிருக்கிறது. மாநில அரசு நீண்டகாலம் ‘கண்ணாடி இல்லையேல் ஒன்றுமில்லை’ என்று நின்றது. டெக்னீஷியம், அயோடின்-129 போன்றவை சிமெண்டிலிருந்து மெல்லக் கசிந்து ஹான்ஃபோர்டு நிலத்தடி நீரையே சேரும் என்பது அதன் பயம். குடிநீராகப் பயன்படும் நிலத்தடி நீரில்லாத வெளிமாநில இடத்தில் புதைப்பது அந்தப் பயத்துக்கு ஓரளவு பதில். தொட்டி ஒழுகிக்கொண்டிருக்கும்போது சரியான கண்ணாடிக்காக இன்னும் முப்பது ஆண்டு காத்திருப்பதைவிட இது மேல் என்பது என் கட்சி. டெக்சாஸ்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

அங்கே வேலை செய்பவர்களின் நிலை?

1976 ஆகஸ்டில் ஹெரால்டு மெக்ளஸ்கி என்ற 64 வயது ஊழியர் கையுறைப் பெட்டி (சுவரில் பொருத்திய கையுறைகள் வழியாகக் கையை நுழைத்து வேலை செய்யும் மூடிய பெட்டி) ஒன்றின் முன் நின்று அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வேலைநிறுத்தத்தால் சில மாதங்கள் கிடப்பில் இருந்த பிசின், அமிலம் பட்டதும் வெடித்தது. கண்ணாடி சிதறி முகத்தில் தைத்தது, அதனோடு அமெரிசியமும். அனுமதிக்கப்பட்ட அளவைவிட 500 மடங்கு. மாதக்கணக்கில் தனிமையில் வைத்து மருந்து கொடுத்தார்கள். பிழைத்தார்; பதினொரு ஆண்டு கழித்து இதய நோயால் இறந்தார். ஊருக்குத் திரும்பியபின் அவரைத் தொடப் பயந்தவர்கள் இருந்தார்கள்.

இப்போதைய புகார் தொட்டிகளிலிருந்து வரும் ரசாயன ஆவி: இருமல், மூக்கில் ரத்தம், நாள்பட்ட நுரையீரல் நோய். 2017இல் புளூட்டோனியக் கட்டடத்தை இடிக்கும்போது தூசு பறந்து ஊழியர்களின் கார்கள்வரை போனது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உடலில் சிறு அளவு கண்டறியப்பட்டது. அதே ஆண்டு மே 9 அன்று, கதிரியக்க ரயில் பெட்டிகளைத் தள்ளி மூடியிருந்த 1956ஆம் ஆண்டு மரத்தூண் சுரங்கத்தின் கூரை ஆறு மீட்டர் அகலத்துக்கு இடிந்து விழுந்தது. பிறகு சுரங்கத்தையே சிமெண்ட் குழம்பால் நிரப்பினார்கள்.

கதிரியக்க முட்செடி, கதிரியக்க ஈ எல்லாம் கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. காற்றில் உருண்டோடும் ரஷ்ய முட்செடியின் வேர் பல மீட்டர் ஆழம் இறங்கும். ஸ்ட்ரான்ஷியத்தைக் கால்சியம் என்று எண்ணி உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் ஒடிந்து வேலி தாண்டும். அவற்றைப் பிடிக்க அங்கே தனி ஆட்களே உண்டு. 1998இல் கதிரியக்கத் தூசு பறக்காமலிருக்கத் தெளித்த இனிப்புச் சத்துள்ள பூச்சைப் பழ ஈக்கள் மொய்த்தன. அவை குப்பைத் தொட்டிகளில் உட்கார, குப்பை பக்கத்து ரிச்லாந்து நகரத்தின் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது. டன் கணக்கில் அள்ளித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வேறு நாடுகளில் இப்படி உண்டா? இந்தியாவில்?

ரஷ்யாவில் (அன்றைய சோவியத் யூனியன்) யூரல் மலையருகே உள்ள மாயக் புளூட்டோனிய ஆலை ஹான்ஃபோர்டைவிட மோசம். தேச்சா ஆற்றில் கழிவை நேராக விட்டார்கள்; கரையோரக் கிராமங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தன. 1957 செப்டம்பர் 29 அன்று குளிர்விப்பு நின்றுபோன கழிவுத் தொட்டி ஒன்று வெடித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கதிரியக்கம் பரவியது. சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1989இல்.

இந்தியாவில் டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய மூன்று இடங்களில் மறுபதனமும் கண்ணாடியாக்கமும் நடக்கின்றன. அளவு ஹான்ஃபோர்டோடு ஒப்பிட முடியாதபடி சிறியது. ஆனாலும் கரைசல், வால்வு, தொட்டி என்ற அதே பண்டங்கள்தான். 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுபதன ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, கடும் கழிவு வரக்கூடாத தொட்டிக்குள் வந்துவிட, ஆறு ஊழியர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

ஹான்ஃபோர்டை நேரில் பார்க்க முடியுமா?

பி உலையைப் பார்க்கலாம். 2015 முதல் அது மன்ஹாட்டன் திட்ட தேசிய வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதி. ரிச்லாந்து நகரிலிருந்து பஸ்ஸில் அழைத்துப் போகிறார்கள். கட்டணமில்லை, ஆனால் முன்பதிவு வேண்டும். கட்டடத்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கும் காலங்களில் சுற்றுலா நிறுத்தப்படும் என்பதால் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளவும். வளாகத்துக்கு வெளியிலுள்ள வொயிட் பிளஃப்ஸ் மேட்டிலிருந்து, ஆற்றின் மறுகரையில் நின்று, மூடிய உலைகளைத் தூரத்தில் காணலாம். அதற்கு முன்பதிவு தேவையில்லை. தொட்டிகள் இருக்கும் பகுதிக்கு அனுமதி கிடையாது. கிடைத்தாலும் அங்கே பார்ப்பதற்குச் சரளைக்கல் தரையும் குழாய் முனைகளும்தான்.